முரளியை யாருக்குப் பக்கத்தில் வைப்பது?

"அப்பா, முரளிதரன்ர ஈ.ஆர்.ஏ. எவ்வளவு?"

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, றிச்மண்ட் கிறீன் பூங்காவில் பேஸ்போல் ஆட்டம் முடிந்து கார் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது மகன் கேட்டான். அவனுக்குப் பதினைந்து வயது. கிரிக்கெட் பற்றி அவனுக்குத் தெரிந்தது நான் சொன்னது. பேஸ்போல் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் சொன்னது. ஒருவர் விளையாட்டை மற்றவருக்கு மொழிபெயர்த்தே பத்து வருடம் ஓடிவிட்டது.

ஒரு பிச்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. களத்தடுப்பாளர் பந்தைத் தவறவிட்டதால் வந்த ஓட்டங்களை அவர் தலையில் கட்டுவதில்லை. கிரிக்கெட்டில் நாங்கள் ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்களைப் பார்த்துச் சராசரி என்கிறோம். ஒரு ஓவருக்குக் கொடுத்ததைத் தனியாகப் பார்க்கிறோம். எல்லாவற்றிலும் எண் குறையக் குறைய ஆள் பெரியவர்.

"22.72" என்றேன். யோசிக்கவே இல்லை. என் வயதுத் தமிழர் பலருக்குத் தங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைவிட இந்த எண் நன்றாக நினைவிருக்கும். 133 ரெஸ்ட் ஆட்டங்கள், 800 விக்கெட்டுகள், சராசரி 22.72.

"அது காணாது அப்பா. மற்ற ஆக்களோட பாத்தால் எப்பிடி?"

கார் ஓடும்போது அவன் எனக்கு விளக்கினான். 1907 முதல் 1927 வரை வோஷிங்டன் அணிக்கு எறிந்த வோல்டர் ஜோன்சனின் வாழ்நாள் ஈ.ஆர்.ஏ. 2.17. பெட்ரோ மார்ட்டினஸின் ஈ.ஆர்.ஏ. 2.93. வெறும் எண்ணைப் பார்த்தால் ஜோன்சன் வெகு தூரம் முன்னே நிற்கிறார். ஆனால் ஜோன்சன் காலத்தின் பெரும்பகுதியில் யாருமே அதிகம் ஓட்டம் எடுக்கவில்லை. பெட்ரோ எறிந்த காலம் பந்துகள் மைதானத்துக்கு வெளியே பறந்த காலம். 2000ஆம் ஆண்டு அவருடைய லீக்கின் பொதுக் கணக்கு ஐந்தை நெருங்கி நின்றபோது அவர் கணக்கு 1.74. ஆகவே அவர்கள் இன்னொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அந்தந்தக் காலத்துச் சாதாரண பிச்சருக்கு 100 என்று கொடுத்து, மைதானம் உதவியதா கெடுத்ததா என்பதையும் சரிசெய்து, மற்றவரை அதனோடு ஒப்பிடுவது. அதில் ஜோன்சனுக்கு 147, பெட்ரோவுக்கு 154. பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிடுகிறார்.

பெட்ரோ டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். நான்கு வருடம் மொன்றியல் அணிக்கு எறிந்தவர். அவர் முதல் ஆட்டம் 1992 செப்டெம்பரில். முரளியின் முதல் ரெஸ்ட் 1992 ஓகஸ்டில், கொழும்பு கெத்தாராமையில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. ஒரு மாத இடைவெளியில் தொடங்கி, ஒருவர் 2009இலும் மற்றவர் 2010இலும் முடித்தார்கள். மகன் கேட்ட கேள்வி நியாயமானது. பெட்ரோவுக்குச் செய்ததை முரளிக்கும் செய்து பார்க்கலாம் என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கொப்பியுடன் உட்கார்ந்தோம்.

*

முதலில் அவர் காலத்துப் பெரிய பந்துவீச்சாளர்களை வரிசைப்படுத்தினோம். மேற்கிந்தியத் தீவுகளின் அம்புரோஸ் 20.99. மக்ரா 21.64. அலன் டொனால்ட் 22.25. அடுத்து முரளி 22.72. அவருக்குப் பின்னால் பொலக் 23.11, வக்கார் யூனிஸ் 23.56, வசீம் அக்ரம் 23.62. இவர்கள் எல்லோரும் வேகப்பந்துவீச்சாளர்கள். சுழற்பந்துவீச்சாளர்களை மட்டும் பார்த்தால் வரிசை வேறு மாதிரி. ஷேன் வோர்ன் 25.41. கும்ப்ளே 29.65. சக்லைன் முஷ்டாக் 29.83. ஹர்பஜன் 32.46. வெட்டோரி 34.36. வோர்னைத் தவிர்த்தால் முரளிக்கும் மற்றவர்களுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஏழு ஓட்டமாவது இடைவெளி. ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தில் முரளி 2.47, மக்ரா 2.49, வோர்ன் 2.65, கும்ப்ளே 2.69. புதுப்பந்தோடு ஓடிவந்து வீசும் மக்ராவைவிட, கால் பெயர்ந்த ஆடுகளத்தில் நாள் முழுக்கச் சுழற்றும் ஒருவர் ஓட்டத்தில் சிக்கனமாக இருந்திருக்கிறார்.

"சரி, இப்ப கழிப்பம்" என்றான் மகன்.

கழிக்க வேண்டியவை உண்டு. முரளியை விரும்பாதவர்கள் எப்போதும் சொல்வது பங்களாதேஷையும் சிம்பாப்வேயையும்தான். அந்த இரு அணிகளிடமும் அவர் எடுத்தது 176 விக்கெட்டுகள். வோர்ன் எடுத்தது 17 மட்டுமே. அவற்றை நீக்கினால் முரளிக்கு 624 விக்கெட், சராசரி 24.87. வோர்னுடைய 25.41 அசையவில்லை. கிட்டத்தட்ட மூன்று ஓட்ட இடைவெளி அரை ஓட்டமாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வலித்தது.

அடுத்தது மைதானம். முரளி சொந்த மண்ணில் எடுத்தது 493 விக்கெட், சராசரி 19.56. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மட்டும் 166, கண்டியில் 117, காலியில் 111. வெளியே 307 விக்கெட், சராசரி 27.79. இந்தியாவில் 45.45. அவுஸ்திரேலியாவில் ஐந்து ரெஸ்ட், 12 விக்கெட், சராசரி 75.41. கடைசி எண்ணை மகன் இரண்டு தரம் வாசித்தான்.

வோர்ன் வெளியிலும் வீட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வீசியவர். இலங்கைக்கு வந்து ஒன்பது ரெஸ்டில் 48 விக்கெட் எடுத்தபோது அவர் சராசரி 20.45. அதாவது இலங்கை ஆடுகளம் அவருக்கும் கைகொடுத்தது. மைதானத்துக்கான கழிவு முரளிக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கழிக்கத் தொடங்கினால் கூட்டவும் வேண்டும். அந்தக் காலத்தின் பலமான துடுப்பாட்ட வரிசை அவுஸ்திரேலியாவுடையது. வோர்ன் அதற்கு எதிராக ஒரு ரெஸ்டில்கூடப் பந்துவீச வேண்டியிருக்கவில்லை. சுழற்பந்தை விளையாடுவதில் வல்லவர்களான இந்தியர்களிடம் வோர்னும் அடிதான் வாங்கினார்; இந்தியாவில் அவர் சராசரி 43.11. சுழற்பந்துக்கு உதவாத மண் என்று சொல்லப்படும் இங்கிலாந்தில் முரளி ஆறு ரெஸ்டில் 48 விக்கெட் எடுத்தார், சராசரி 19.20. 1998 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவர் எடுத்தது 220 ஓட்டங்களுக்கு 16. இரண்டாவது இன்னிங்ஸில் விழுந்த பத்தில் ஒன்பது அவருடையவை. மற்றது ரன் அவுட்.

பிறகு துணை. வோர்ன் களைத்தால் மறுமுனையில் மக்ரா நின்றார். முரளிக்கு வாஸ் நின்றார்; நல்ல பந்துவீச்சாளர், ஆனால் சராசரி 29.58. முரளி வீசியது 44,039 பந்துகள். 7,339 ஓவர்களும் ஐந்து பந்துகளும். ரெஸ்ட் வரலாற்றில் வேறு யாரும் அவ்வளவு வீசியதில்லை. 1982இல் ரெஸ்ட் விளையாடத் தொடங்கிய இலங்கை, முரளி வரும்வரை பத்து வருடங்களில் வென்றது இரண்டே இரண்டு ஆட்டங்கள். அவர் விளையாடிய ஆட்டங்களில் வென்றது 54. அந்த 54 வெற்றிகளில் அவர் எடுத்தது 438 விக்கெட், சராசரி 16.18.

மகன் பேனையை வைத்துவிட்டுச் சொன்னான்: "வோர்னும் முரளியும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனா முரளிதான் கனக்கத் தூக்கியிருக்கிறார்."

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்தது. இருபது வருட வாக்குவாதத்தில் எங்களில் ஒருவரும் இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை. ஏனென்றால் எங்களுக்கு அது ஒருபோதும் பந்துவீச்சுப் பற்றிய வாக்குவாதமாக இருக்கவில்லை.

*

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியது. என் அம்மாவும் நடந்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அவர் சாவகச்சேரி போய்ச் சேர்ந்த செய்தி எனக்குக் கிடைக்கப் பதினொரு நாள் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கோட்டையில் இலங்கைக் கொடி ஏறியது. அந்த மாதமே, இங்கே கிறிஸ்மஸ் இரவு, அங்கே டிசம்பர் 26, மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் முரளியின் பந்துகளை எறி என்று சொல்லி மூன்று ஓவரில் ஏழு தரம் நோ போல் கொடுத்தார்.

மெல்பேர்ணில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசியில் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த மச்சான் கேட்டான்: "உனக்கென்ன? அவன் ஆருக்கு விளையாடுறான்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து, மார்ச் 17ஆம் திகதி விடியுமுன், லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்க்க அதே மச்சான் என்னோடு ஸ்காபரோவில் ஒரு நண்பரின் பேஸ்மென்ட்டில் இருந்தான். இலங்கை தோற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன். முரளி வீசிய பத்து ஓவரில் 31 ஓட்டம்தான் போனது. ஒவ்வொரு ஓவரும் முடிய, மச்சான் விரலில் எண்ணியதைப் பார்த்தேன்.

அப்படித்தான் எங்களில் பலர் இரண்டு கொப்பி வைத்திருந்தோம். ஒன்றில் இலங்கை அணி எதிரி. மற்றதில் முரளியின் விக்கெட்டுகள். 1999இல் அடிலெய்டில் நடுவர் எமர்சன் மீண்டும் நோ போல் சொன்னபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடுவரை அழைத்துப் போனார். ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழனுக்காக ஆட்டத்தை நிறுத்தியதை எந்தக் கொப்பியில் எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. 2005இல் முழங்கை பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்று விதி எல்லோருக்கும் ஒன்றானபோது, பிறப்பிலேயே வளைந்த அந்தக் கையைப் பற்றிய வாதம் விதிப்புத்தகத்தில் முடிந்தது. எங்கள் வீடுகளில் வேறு வாதம் தொடர்ந்தது. 2009க்குப் பிறகு பலர் அவர் பெயரையே அடித்துவிட்டார்கள். போர் முடிந்ததைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளும், 2019இல் கோத்தாபய ராஜபக்ஷவை ஆதரித்ததும் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களுக்கு ஆறாத புண். பின்னர் அவர் கொடுத்த விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. 2020இல் அவர் கதையைப் படமாக்கும் முயற்சியிலிருந்து விஜய் சேதுபதி விலக வேண்டி வந்தது. வேறு நடிகரோடு '800' 2023இல் வெளியானது. நானும் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் இதையெல்லாம் கண்டி அண்ணனிடம் சொன்னேன். அவர் பேரனும் மகனின் அணியில் விளையாடுகிறான். எழுபது தாண்டியவர். தோட்டத்தில் பிறந்து, கண்டியில் கடையில் வேலை செய்து, 1983க்குப் பின் இங்கே வந்தவர். அவருக்குப் பெயர் உண்டு. ஆனாலும் நாங்கள் எல்லோரும் கண்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களை ஊர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மடக்குக் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, அந்தப் பையன் ஜெயிச்சா தமிழன், வாயத் தொறந்தா தோட்டக்காட்டான். நீங்க எங்கள எப்பதான் கணக்குல சேத்தீங்க?"

அவர் குரல் உயரவில்லை. மைதானத்தில் பேரன் துடுப்பு வீசப் போய்க்கொண்டிருந்தான்; அவர் கண் அங்கேயே இருந்தது.

*

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அது கெட்ட சொல் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முரளியின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் அவர் திருச்சிக்குத் திரும்பிவிட்டார்; மகன்கள் இலங்கையிலேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் தொடங்கினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது முரளிக்கு ஐந்து வயது. திரும்பவும் கட்டினார்கள். பையன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவன் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினான்.

தாத்தா வந்த 1920க்கும் பேரன் பிறந்த 1972க்கும் நடுவில் இன்னொரு கணக்கு நடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தமிழ்க் காங்கிரஸ் அந்தக் கேள்வியில் உடைந்தது. அரசில் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தை விட்டு விலகிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் தமிழரசுக் கட்சி பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அது பிறந்தது மலையகத் தமிழருடைய வாக்குரிமை போன கேள்வியில்தான் என்பதை நாங்கள் நினைவுகூர்ந்தது குறைவு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். அந்த மேசையில் தோட்டத்திலிருந்து ஒருவரும் இருக்கவில்லை. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முற்றாகத் தீர 2003 வரை போனது. முரளி அப்போது ஐந்நூறாவது ரெஸ்ட் விக்கெட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இதனால் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. முள்ளிவாய்க்காலில் தம்பியை இழந்த என் நண்பரிடம் போய் 1948ஐக் கணக்குக் காட்டி ஆறுதல் சொல்ல நான் துணியமாட்டேன். ஒரு மனிதர் ஒரு வாக்கியத்துக்குப் பொறுப்பு. எத்தனை விக்கெட் எடுத்தாலும் பொறுப்பு. ஆனால் அந்த வாக்கியத்துக்காக அவரைத் தமிழரின் வரிசையிலிருந்து நீக்கும்போது, அந்த வரிசையில் அவருடைய ஆட்களை முதலில் எங்கே நிறுத்தியிருந்தோம் என்பதையும் நான் பார்க்க வேண்டும். பலவீனமான அணிகளின் விக்கெட்டைக் கழிக்கும் அதே கை, துணையில்லாமல் வீசிய ஓவர்களைக் கூட்டவும் வேண்டும் அல்லவா? மகன் ஒரு இரவில் செய்ததை நான் முப்பது வருடம் செய்யவில்லை. வென்றபோது கூட்டினேன், பேசியபோது கழித்தேன்.

*

2010 ஜூலை 22. காலி மைதானம். இந்தியாவுக்கு எதிரான ஆட்டம், அவருடைய கடைசி என்று முன்பே அறிவித்தாகிவிட்டது. தொடங்கும்போது 792 விக்கெட். எட்டு வேண்டும். ஏழு கிடைத்த பின் ஒன்று வராமல் நின்றது. ஓவர் மேல் ஓவராக வீசினார். கடைசியில் ஓஜாவின் துடுப்பு விளிம்பில் பட்ட பந்தை மஹேல ஜயவர்த்தன ஸ்லிப்பில் பிடித்தார். அதுதான் அவர் ரெஸ்டில் வீசிய கடைசிப் பந்து. போர் முடிந்து பதினான்கு மாதமாகியிருந்தது. நான் அன்று ரிவி பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று இருந்தேன். ஆனால் அலுவலகத்தில் கணினித் திரையின் மூலையில் ஓட்ட விபரம் திறந்திருந்தது.

கோடையின் கடைசி ஆட்டத்தன்று மகன் தன் கொப்பியைக் கொண்டுவந்து கண்டி அண்ணனிடம் காட்டினான். இரண்டு விளையாட்டுக்காரரையும் ஒரே அட்டவணையில் எழுதியிருந்தான்: பெயர், விளையாடிய வருடங்கள், வெறும் எண், கழித்துக் கூட்டிய எண். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். 75.41க்கு வந்ததும் சிரித்தார். "இதையும் எழுதிட்டியா? நல்லது, எழுதணும்."

கடைசி நிரல் ஊர். ஜோன்சனுக்குக் கான்சாஸ் என்றிருந்தது. பெட்ரோவுக்கு டொமினிக்கன் குடியரசு. முரளிக்கு நேரே வெறுமையாக விட்டிருந்தான்.

"இதில என்ன போட அப்பா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டி அண்ணன் பேனையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. தமிழில், கை கொஞ்சம் நடுங்க, பெரிய எழுத்தில் எழுதினார்: கண்டி.

மகன் எழுத்துக் கூட்டி வாசித்தான். சரியாகத்தான் வாசித்தான்.